மகள் கேட்ட ஸி.டி.

(முன்னாள் மாணவியர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



போன மாதம் நம் செயலாளர் போன் செய்தார். என் வகுப்புத் தோழி, அதனால் உரிமையோடு, "நீ அமெரிக்காவிலே இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவ. ஏ.ஐ. பத்தி ஏதாவது பேசு" என்றார். "அதைப் பத்திப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கு. நான் பழைய வீடியோ கேம் பத்திப் பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அதுலயும், பெண் குழந்தைகளுக்குன்னே செஞ்ச வீடியோ கேம்" என்றேன். ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி, இருபது நிமிஷத்துல முடிச்சுடு" என்றார். ஆகவே இருபது நிமிடம்.

நான் இங்கே கணிதம் முடித்தது 1984-ல். திருமணம், பிறகு 1989-ல் அமெரிக்கா. வங்கிகளுக்கு கோபால் நிரல் எழுதும் வேலை. கோபால் என்றால் கம்ப்யூட்டர் மொழி. எங்கள் ஊர் கோபால் மாமா இல்லை. மகன் மூத்தவன், மகள் இளையவள். 1997-ல் என் வேலைக்காக வேறு மாநிலத்துக்குக் குடிபோனோம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. புதுப் பள்ளிக்கூடம், புது முகங்கள். எங்கள் வீட்டு அவசரத்தில் அவள் பேச்சு குறைந்துபோனதை நான் கவனிக்கவில்லை. 'சமத்தா இருக்கா' என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷக் கடைசியில் ஆபீஸ் தோழி ஒருத்தி என் மகளுக்கு ஒரு ஸி.டி. பரிசாகக் கொடுத்தாள். பெட்டியின் மேல் 'ராக்கெட்ஸ் நியூ ஸ்கூல்' என்று இருந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். ராக்கெட், விண்வெளி, கணக்கு, அறிவியல் என்று என்னென்னமோ கற்பனை. போட்டுப் பார்த்தால், ராக்கெட் என்பது ஒரு பெண்ணின் பெயர்! எட்டாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கு வருகிறாள். முதல் நாள். வாசலில் நிற்கிறாள். யாரோடு பேசுவது, யார் பக்கத்தில் உட்காருவது, ஒருத்தி கிண்டல் செய்தால் என்ன பதில் சொல்வது, இவ்வளவுதான் விளையாட்டு. ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் அவள் மனசு எப்படி இருக்கிறது என்று மூன்றில் ஒன்றை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். தைரியமா, தயக்கமா, கோபமா, அதற்கேற்பக் கதை போகும். நடுவில் மற்றப் பிள்ளைகளின் லாக்கரைத் திறந்து எட்டிப் பார்க்கலாம். சுடுவது கிடையாது, குதிப்பது கிடையாது, பாயிண்ட் கிடையாது.

"இது என்னடி கேம்? படிக்கிற நேரத்துல இந்த வம்புக்கதை!" என்று நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

2004-ல் மறுபடியும் வீடு மாற்றினோம். பேஸ்மென்ட்டைக் காலி செய்தது நான்தான். மகனுடைய துப்பாக்கிச் சண்டை கேம்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, அவன் பெயரை எழுதி வைத்தேன். 'பின்னாடி கேப்பான், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கிறவன்.' மகளுடைய ஸி.டி.க்கள், ஊதா நிறப் பெட்டி எல்லாம் குப்பைப் பைக்குள் போயின. யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன். கணிதத்தில் பட்டம் வாங்கிய, கம்ப்யூட்டரில் வேலை பார்த்த பெண் நான். எது கம்ப்யூட்டர் சமாச்சாரம், எது பொம்மை சமாச்சாரம் என்று என் கையே தீர்ப்பு எழுதிவிட்டது.

2019-ல் என் பேத்திக்குப் பள்ளியில் முதல் நாள். முந்தின இரவு மகள் போன் செய்தாள். "அம்மா, அந்த ராக்கெட் ஸி.டி. எங்கம்மா? இவளுக்குக் காட்டணும்." தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பரவாயில்லம்மா. உனக்குத் தெரியாது. அந்த வருஷம் ஸ்கூல்ல நான் யாரோடயும் பேசவே இல்லை. ராத்திரி அந்த கேம்ல பேசிப் பாப்பேன். இப்படிச் சொன்னா என்ன ஆகும், அப்படிச் சொன்னா என்ன ஆகும்னு. அப்புறந்தான் ஒருநாள் ஸ்கூல்ல வாயைத் திறந்தேன்" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து எனக்குத் தெரிந்த செய்தி இது. அன்று ஆரம்பித்தது என் தேடல்.

இந்த விளையாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் சொல்கிறேன். வீடியோ கேம் என்றாலே ஆண்பிள்ளைகளுக்கு என்ற நினைப்பு ரொம்ப நாளாக இருந்தது. 1980-ல் ஜப்பானில் 'பேக்-மேன்' செய்த தோரு இவதானி, விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்று யோசித்துத்தான் சாப்பிடுவதை விளையாட்டாக்கினார். 1988-ல் ராபர்ட்டா வில்லியம்ஸ் 'கிங்ஸ் க்வெஸ்ட்' வரிசையின் நான்காவது கதையில் ரோஸெல்லா என்ற இளவரசியைக் கதாநாயகி ஆக்கினார். ஆனாலும் இவையெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

1990-களின் நடுவில்தான் அலை வந்தது. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர், அதில் ஸி.டி. டிரைவ். 1996-ல் மேட்டல் கம்பெனி 'பார்பி ஃபேஷன் டிசைனர்' வெளியிட்டது. முதல் இரண்டு மாதத்திலேயே 5 லட்சத்துக்கு மேல் விற்றது. 'பொண்ணுங்க கேம் வாங்க மாட்டாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்த வியாபாரிகள் வாயடைத்துப் போனார்கள்.

அதே 1996-ல் கலிஃபோர்னியாவில் பிரெண்டா லாரல் என்ற அம்மையார் 'பர்ப்பிள் மூன்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு முன்னால் அவர் இன்டர்வல் ரிசர்ச் என்ற ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சந்தித்து, எப்படி விளையாடுகிறீர்கள், எதற்கு விளையாடுகிறீர்கள் என்று கேட்டு ஆராய்ந்தார்கள். பெண் குழந்தைகளுக்கு கேம் கஷ்டமாக இருப்பதால் அவர்கள் விலகவில்லை, அதில் கதையும் மனிதர்களும் இல்லாததால் சலிப்புத் தட்டி விலகுகிறார்கள் என்பது அவர் கண்டது. அதிலிருந்து பிறந்தவள்தான் என் மகளின் ராக்கெட். கூடவே 'சீக்ரெட் பாத்ஸ்' என்ற இன்னொரு வரிசை, காட்டுப் பாதையில் நடந்து மனக்குழப்பத்துக்கு விடை தேடுவது. இரண்டும் 1997-ல் வந்தன. 1999 பிப்ரவரியில் கம்பெனி மூடப்பட்டது. பார்பி விற்ற மேட்டலே இதையும் வாங்கிக்கொண்டது.

தெரஸா டங்கன் என்று ஒரு கலைஞர். 1995-ல் மோனிகா கெஸ்யூ என்பவரோடு சேர்ந்து 'சாப் சுயி' செய்தார். ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர், இரண்டு சிறுமிகள், சாப்பிட்டுவிட்டுப் புல்மேட்டில் படுத்துக்கொண்டு ஊரைப் பார்க்கிறார்கள். எங்கே தொட்டாலும் ஒரு கதை, ஒரு பாட்டு. அந்த வருஷத்தின் சிறந்த ஸி.டி.ராம் என்று 'என்டர்டெய்ன்மென்ட் வீக்லி' பத்திரிகை அதைத் தேர்ந்தெடுத்தது. அடுத்து 1996-ல் 'ஸ்மார்ட்டி', 1997-ல் 'ஜீரோ ஜீரோ'. டங்கன் 2007-ல் மறைந்தார். வருஷங்கள் போகப் போக, அவருடைய படைப்புகளைச் சாதாரண கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

புத்தகம் எழுதியவர் போனாலும் புத்தகம் இருக்கும். இது ஏன் போகிறது? கணினித் துறை மாணவியர் கொஞ்சம் கவனியுங்கள். மற்றவர்களும் பயப்பட வேண்டாம், ஊறுகாய் ஜாடி கணக்காகத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பழைய சாமான் விற்பவரிடம் மகளின் ஸி.டி.யை மறுபடி விலைக்கு வாங்கினேன். புது லேப்டாப்பில் போடலாம் என்றால் முதலில் ஸி.டி. போடும் இடமே இல்லை. வெளியே ஒரு டிரைவ் வாங்கி மாட்டினேன். நிறுவ முடியாது என்று ஒரு வரி வந்தது. குற்றம் யாருடையதும் இல்லை. அந்தக் காலத்து நிறுவும் நிரல்கள் பல 16-பிட் நிரல்கள். இன்றைய 64-பிட் விண்டோஸ் அவற்றை ஏற்பதே இல்லை. மெகின்டாஷுக்கு என்று எழுதியவை இன்னும் மோசம். ஆப்பிள் அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் சிப் வகையையே மறுபடி மறுபடி மாற்றிவிட்டது. பாஷை தெரியாத ஊரில் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்ன மாதிரிதான்.

இரண்டாவது, தட்டு. ஸி.டி.யின் பளபளப்பு மெல்லிய அலுமினியப் பூச்சு. மேல் வார்னிஷில் கீறல் விழுந்து காற்று புகுந்தால் அது அரிக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசிமுனை ஓட்டைகள் தெரியும். நம்ம ஊர்ப் புழுக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, பாதிதான் பிரதி எடுப்போம். அந்தக் காலத்து ஸி.டி. பலவற்றில் விண்டோஸுக்கு ஒரு பகுதி, மெகின்டாஷுக்கு ஒரு பகுதி என்று இரண்டு இருக்கும். விண்டோஸில் போட்டு ஃபைல்களைக் காப்பி செய்தால் மற்றப் பாதி கண்ணுக்கே தெரியாது. காப்பி எடுத்தாச்சு என்று நிம்மதியாக இருப்போம். எடுத்தது அரை ஜாடி. ஆகவே ஃபைல்களைக் காப்பி செய்யக் கூடாது. தட்டை முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை அப்படியே படம் பிடிக்க வேண்டும். அதை 'இமேஜ்' என்பார்கள். எடுத்தபின் அதற்கு ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு எழுதி வைத்தால், பத்து வருஷம் கழித்து ஒரு பிட் மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். இமேஜ் கையில் வந்தபின், பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் மென்பொருளில், அதாவது எமுலேட்டரில், அதை ஓட்டலாம்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் நியூயார்க்கில் இருக்கும் ரைஸோம் என்ற கலை அமைப்பினர். 2015-ல் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, தெரஸா டங்கனின் மூன்று ஸி.டி.க்களையும் உயிர்ப்பித்தார்கள். பழைய மெகின்டாஷ் எங்கோ ஒரு சர்வரில் எமுலேட்டராக ஓடும். அதன் படமும் ஒலியும் நம் பிரவுசருக்கு வரும். நம் மவுஸ் அசைவு அங்கே போகும். விளையாடுபவர் எதையும் நிறுவ வேண்டாம். அதைப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று, சர்வருக்கு வாடகை கட்ட வேண்டும், ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பது என்பது ஒருநாள் வேலை இல்லை. கோயில் விளக்கு மாதிரி, தினம் ஒருத்தர் எண்ணெய் ஊற்றினால்தான் எரியும்.

டெக்ஸஸில் ரேச்சல் சிமோன் வைல் என்பவர் 2012-ல் 'ஃபெமிகாம் மியூஸியம்' தொடங்கினார். பெண் குழந்தைகளுக்காக வந்த பழைய கேம்கள், கையடக்க மின்பொம்மைகள், அவற்றின் பெட்டிகள், விளம்பரங்கள் இவற்றைத் தேடிச் சேர்த்துப் பட்டியலிடும் முயற்சி. பெரிய கட்டடமும் அரசாங்க மானியமும் வரட்டும் என்று காத்திராமல், ஒரு பெண் தன் ஆர்வத்தில் தொடங்கியது.

தட்டும் எமுலேட்டரும் இருந்தால் எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. பார்பி ஃபேஷன் டிசைனரில் விசேஷமே என்ன தெரியுமா? திரையில் உடை வடிவமைத்து, துணி ஒட்டிய தனித் தாளைப் பிரிண்டரில் போட்டு அச்சடித்து, வெட்டி ஒட்டி, நிஜ பொம்மைக்கு உடுத்துவது. கம்ப்யூட்டருக்குள் ஆரம்பித்துக் கையில் முடியும் விளையாட்டு. அந்தத் தாள் ஸி.டி.க்குள் இல்லையே! ஜப்பானில் கேஸியோ 1995-ல் 'லூப்பி' என்று பெண் குழந்தைகளுக்கென்றே ஒரு கேம் பெட்டி விட்டது. அதற்குள்ளேயே குட்டிப் பிரிண்டர். திரையில் செய்த படத்தை ஸ்டிக்கராக அடித்துத் தரும். நிரலை மட்டும் காப்பாற்றினால் ஸ்டிக்கர் எங்கிருந்து வரும்? பர்ப்பிள் மூனுக்கு ஒரு வெப்சைட் இருந்தது. அதில் பெண் குழந்தைகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்த உறவை எந்தத் தட்டில் பிடிப்பது? ஆகவேதான் நூலகர்கள் பெட்டி, கையேடு, பத்திரிகை விமர்சனம், விளையாடியவர்களின் ஞாபகம் எல்லாவற்றையும் சேர்த்தே வைக்கச் சொல்கிறார்கள். நான் ஓய்வு பெற்றபின் வாரம் இரண்டு நாள் ஒரு நூலகத்தில் பழைய தட்டுகளுக்கு இமேஜ் எடுக்கும் தொண்டு வேலை செய்கிறேன். அங்கே ஒரு பெட்டிக்குள் ஒரு குழந்தை பென்சிலால் எழுதிய சீட்டு கிடைத்தது, 'இதை என் தம்பி தொடக்கூடாது' என்று. அதையும் பட்டியலில் சேர்த்தோம்.

இப்போது உங்களில் சிலர் மனதில் ஒரு கேள்வி ஓடும். 'பார்பி, ஃபேஷன், இளஞ்சிவப்பு, இதையெல்லாம் எதுக்குக் காப்பாத்தணும்? பெண்களை அலங்காரத்திலேயே கட்டிப்போட்ட சமாச்சாரம்தானே?' நியாயமான கேள்வி. அன்றைக்கே இதைக் கேட்டார்கள். 1998-ல் ஜஸ்டின் கேஸலும் ஹென்றி ஜென்கின்ஸும் தொகுத்து எம்.ஐ.டி. பதிப்பகம் வெளியிட்ட 'ஃப்ரம் பார்பி டு மார்ட்டல் காம்பாட்' என்ற நூலில் இந்த வாதம் முழுவதும் இருக்கிறது. பெண்களுக்கென்று தனியாகச் செய்தால் அவர்களை ஒரு மூலையில் ஒதுக்குவதாகாதா என்பது ஒரு கட்சி. அவர்கள் விரும்புவதைக் கொடுத்துக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தால் மற்றது தானாக வரும் என்பது இன்னொரு கட்சி.

நான் நடுவர் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். பாதுகாப்பது வேறு, பாராட்டுவது வேறு. நாம் சண்டை போட வேண்டுமானாலும் சாட்சி முன்னால் இருக்க வேண்டும். அந்த விளையாட்டே இல்லை என்றால், 'அது மட்டம்' என்று அன்று எழுதிய விமர்சனம் மட்டும்தான் மிஞ்சும். என் மகளைப் போன்ற பெண்கள் அதில் என்ன கண்டார்கள் என்று யாரும் திரும்பிப் பார்க்கவே முடியாது. நானே 1997-ல் ஒரு விமர்சகர்தான். 'வம்புக்கதை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். தவறு என்று எனக்குத் தெரிய 22 வருஷம் ஆனது.

சந்தையில் விற்றுக்கொண்டிருப்பது பிழைத்துக்கொள்ளும். ஹெர் இன்டராக்டிவ் கம்பெனி 1998-ல் ஆரம்பித்த நான்ஸி ட்ரூ துப்பறியும் வரிசை முப்பதுக்கும் மேற்பட்ட பாகங்களாக நீண்டது. கம்பெனி உயிரோடு இருந்ததால் கதையும் உயிரோடு இருந்தது. கம்பெனி போனால்? 2023-ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனும் ஸாஃப்ட்வேர் பிரிசர்வேஷன் நெட்வொர்க்கும் ஓர் ஆய்வு வெளியிட்டன. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த பழைய கேம்களில் 87 சதவீதம் அப்போது கடையில் வாங்கக் கிடைக்கவில்லை. விற்கவும் மாட்டார்கள், காப்புரிமையோ விடாது. கம்பெனிக்காகச் செய்யப்பட்ட படைப்புக்கு அமெரிக்கச் சட்டப்படி வெளியான நாளிலிருந்து 95 வருஷம். 1997-ல் வந்த ராக்கெட் 2092 முடிந்த பிறகுதான் பொதுச்சொத்து. தட்டு அதுவரை தாங்குமா?

விலைக்குக் கிடைக்காத கேம்களை நூலகங்கள் தொலைவிலிருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு இணையம் வழியாகக் காட்ட அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்காவில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆராய்ச்சி என்ற பெயரில் சும்மா விளையாடுவார்கள் என்பது எதிர்த்தரப்பின் அச்சம். கதைப்புத்தகத்தை நூலகத்தில் ரசித்துப் படித்தால் யாராவது குற்றம் என்பார்களா?

நல்ல செய்தியும் உண்டு. நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் 'ஸ்ட்ராங்' என்ற விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. 2015 முதல் உலக வீடியோ கேம் புகழ்மண்டபம் ஒன்றை நடத்துகிறது. 2023-ல் பார்பி ஃபேஷன் டிசைனர் அதில் இடம் பெற்றது. குப்பைப் பைக்குள் போனதற்குக் கடைசியில் பீடம் கிடைத்தது.

சரி, என் ஸி.டி. கதை என்ன ஆயிற்று? ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்து ஓட வைத்தேன். மகளும் பேத்தியும் வந்தார்கள். பேத்தி ஐந்து நிமிஷம் பார்த்தாள். "பாட்டி, படம் நகரவே மாட்டேங்குது" என்று எழுந்து போய்விட்டாள். உண்மைதான், படக்கதை மாதிரி ஒவ்வொரு படமாகத்தான் மாறும். மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ராக்கெட் வாசலில் நிற்கிறாள். மூன்று முகங்கள் திரையில் வந்தன. அவள் எதையும் அமுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "அந்த வருஷம் நீ எதைடி அமுக்குவே?" என்று கேட்டேன். சொன்னாள். 1997-ல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் இருவருக்கும் மட்டும்.

முடிக்கும் முன் நம் கல்லூரி விஷயம். நேற்று கணினித் துறையைச் சுற்றிப் பார்த்தேன். துறைத் தலைவர் ஒரு பச்சை பீரோவைத் திறந்து காட்டினார். உள்ளே 1990-களின் மாணவியர் புராஜெக்ட் ஃபிளாப்பிகள், ஐந்தேகால் அங்குலம், உறைமேல் கையெழுத்து. சம்பளப் பட்டியல், நூலகக் கணக்கு, ரயில் ரிசர்வேஷன் என்று வழக்கமான தலைப்புகள். நடுவில் ஒன்றின் மேல் 'பல்லாங்குழி' என்று தமிழில் எழுதியிருக்கிறது. பெயர் இல்லை, ஒரு பதிவு எண் மட்டும், அதிலும் கடைசி எழுத்துகள் அழிந்துவிட்டன. யாரோ ஒரு பெண், எல்லோரும் சம்பளப் பட்டியல் செய்தபோது, பாட்டியோடு ஆடின ஆட்டத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். 'இடம் அடைக்குது, கழிச்சுடலாம்னு இருக்கோம்' என்றார் துறைத் தலைவர். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நானும் கழித்தவள்தானே. ஆனால் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். ஒரு வருஷம் அவகாசம் கொடுத்திருக்கிறார்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

முன்னாள் மாணவியருக்கு: வீட்டுப் பரணில் பழைய ஃபிளாப்பி, ஸி.டி., கேம் பெட்டி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உங்களுடையதாக இருந்தாலும், மகளுடையதாக இருந்தாலும், முதலில் அவளிடம் கேளுங்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். ஸி.டி. மேல் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், உறையில் எழுதுங்கள். யாருடையது, எந்த வருஷம், யாரோடு விளையாடினீர்கள் என்று நாலு வரி எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அந்த நாலு வரி பின்னால் தட்டைவிடப் பெரிசாக இருக்கும்.

கணினித் துறை மாணவியருக்கு: ஆர்வக்கோளாறில் பழைய ஃபிளாப்பியை எடுத்தவுடன் டிரைவில் நுழைக்காதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தால் டிரைவும் போகும், ஃபிளாப்பியும் போகும். முதலில் சுத்தம். அடுத்து, எழுத முடியாதபடி பக்கத்து வெட்டை ஒட்டி மூடுங்கள். பிறகு பழைய டிரைவோடு 'கிரீஸ்வீஸில்' போன்ற சிறு பலகை ஒன்றை இணைத்தால், ஃபிளாப்பியின் காந்த அலைகளையே நேராகப் பதிவு செய்யலாம். எந்தக் கம்ப்யூட்டருக்கு எழுதியது என்று பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது. பழைய டிரைவும் பலகையும் என் செலவு. அடுத்த வாரமே அனுப்பி வைக்கிறேன்.

மூன்றாவது, இந்த அரங்கில் இருக்கலாம், இந்த மலரை எங்கோ படிக்கலாம், அந்தப் பெண்ணுக்கு: பல்லாங்குழி எழுதியவரே, உங்கள் ஃபிளாப்பி பத்திரமாக இருக்கிறது. துறை அலுவலகத்தில் இரண்டாவது தட்டு. என்ன மொழியில் எழுதினீர்கள், எந்த ஊர் ஆட்ட விதியை வைத்தீர்கள், காசி விட்டீர்களா இல்லையா, யார் விளையாடிப் பார்த்தார்கள், எல்லாம் எங்களுக்குத் தெரிய வேண்டும். அப்போது உங்கள் அம்மா அதைப் பார்த்து என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வம்புக்கதை என்று சொல்லியிருந்தால், அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இருபது நிமிஷம் தாண்டிவிட்டது.